பயத்துக்கு எத்தனை சதவீதம்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை காலை பேங்க் தாள்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். எங்கெல்லாம் பென்சிலால் குறி போட்டிருக்கிறதோ அங்கெல்லாம் நான் கையெழுத்துப் போட வேண்டும். "பத்து நிமிஷ வேலைதாம்மா, கவலப்படாத, டென்ஷன் மத் லோ" என்றாய். நான் சரி என்றேன். பருப்பு உருண்டைக் குழம்பு வைக்கட்டுமா என்றுகூடக் கேட்டேன். போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், டம்ளர் குடத்தின் விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. என் கைதான் காரணம். எனக்கு நாற்பத்து நான்கு வயதுதான் ஆகிறது, முதுமை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது பயம். பத்து வருடமாக வீட்டில் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த பயம், உன் குரலைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டது.

தமிழில் எழுதுகிறேன் என்று கோபப்படாதே. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் பஸ்ஸில் நின்றபடியே ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஹான், சமஜ் கயா, புரிஞ்சுது" என்று சட்டைப் பையில் வைத்துவிடுவாய். நான் சொல்லப்போவது மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம். நேரில் சொல்லவும் எனக்கு வராது. உன் அப்பா எதிரில் இருப்பார். இதில் பாதி அவருக்கும் தெரியாது.

போன மாதம் நீ லேப்டாப்பைத் திறந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். ரஞ்சன்காவில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையை மேத்தா அங்கிள் விற்கிறார், அதை நீ வாங்கப் போகிறாய். அதற்கு இரண்டு வழி என்று காட்டினாய். ஒன்று, அங்கிள் சொன்ன வழி. பாதிப் பங்கு ஐந்து வருடம் அவரிடமே இருக்கும், லாபம் வந்தால் அவருக்கும் பாதி, வராவிட்டால் அவருக்கும் இல்லை, பேங்க் கடன் கொஞ்சம்தான். இன்னொன்று உன் வழி. ஐந்தில் நான்கு பங்கு பேங்க் கடன், அதற்கு ஈடாக என் பெயரில் இருக்கும் இந்த நிக்டி வீடு, தொழிற்சாலை முழுக்க உனக்கு. பிறகு கடன் என்று எழுதிய கட்டத்தில் எண்ணை ஏற்றிக்கொண்டே போனாய். நாற்பது, அறுபது, எண்பது. அடியில் தொழிற்சாலையின் மதிப்பு என்று எழுதியிருந்த எண்ணும் கூடவே ஏறியது. "பாத்தியாம்மா, சும்மா லோனை ஏத்தினாலே வேல்யூ ஏறுது. மேத்தா அங்கிளுக்கு எதுக்குப் பாதி குடுக்கணும்?" என்று சிரித்தாய். அப்பாவும் சிரித்தார். நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஏனென்றால் அந்தத் தாளை நான் முன்பே பார்த்திருக்கிறேன் கண்ணு. அதைப் போன்ற ஒன்றை எழுதியவளே நான்தான்.

நீ ஐந்தாவது படிக்கும்போது அப்பா வேலையை விட்டுவிட்டு ஆகுர்டியில் பட்டறைக்கு ஒரு ஷெட் எடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இந்த மராத்தி ஊருக்கு வந்த எனக்கு, சிஞ்ச்வடில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. டைப் அடித்து அடித்தே கணக்குக் கற்றேன். மற்றவர்கள் தூக்கிப் போடும் பழைய பாடப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்து வந்து, நாவல் படிப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அப்பாவின் ஷெட்டில் தகடு அடிக்கும் பிரஸ் இயந்திரம் ஒன்று இருந்தது. ஸ்கூட்டருக்கான சின்னத் தகடுகளை அடித்து ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்தார். ஆர்டர் கூடியது. இன்னும் இரண்டு பெரிய பிரஸ் வேண்டும் என்றார்கள். அப்போதும் இரண்டு வழிகள் வந்தன. அப்பாவோடு டூல் ரூமில் வேலை பார்த்த ஜாதவ் காகா விருப்ப ஓய்வு வாங்கியிருந்தார். அந்தப் பணத்தைப் போட்டுப் பாதிக்குப் பாதி பங்காளியாக வருகிறேன் என்றார். அப்படிச் செய்தால் மொத்தப் பணத்தில் பேங்க் பாதி, மீதிப் பாதியில் நாமும் காகாவும். காகா வேண்டாம் என்றால் பேங்க் முக்கால், நாம் கால்.

அப்பாவுக்குக் காகாவோடு சேரத்தான் ஆசை. "ரெண்டு பேரு இருந்தா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம் அம்முணி" என்றார். நான்தான் விடவில்லை. "ஏனுங்க, நாளைக்கு நல்லா வந்தா பாதிய அவருக்குத் தூக்கிக் குடுக்கறதுங்களா? இருங்க, நான் போட்டுப் பாக்கறேன்" என்றேன். இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன்.

ஒரு தொழிற்சாலையின் மதிப்பு அதில் இருக்கும் இரும்பின் விலை இல்லை. வரப்போகும் வருடங்களில் அது சம்பாதிக்கும் பணம் இன்றைய கணக்கில் எவ்வளவு என்பதுதான். நாளைய பணத்தை இன்றைக்குக் கொண்டுவர ஒரு சதவீதத்தால் அதைக் குறைக்க வேண்டும். சதவீதம் பெரிதானால் மதிப்பு குறையும், சிறிதானால் கூடும். உனக்கு இது தெரியும். அந்தச் சதவீதம் ஒரு கலவை என்பதும் தெரியும். பேங்க் பணத்துக்கு அன்று வட்டி பதினைந்து. நம் சொந்தப் பணத்துக்கு, நம் உழைப்புக்கும் தலைவலிக்கும் சேர்த்து, இருபத்திரண்டாவது வர வேண்டும் என்று வைத்தேன். பாதிக்குப் பாதி கலந்தால் பதினெட்டரை. முக்காலுக்குக் கால் கலந்தால் பதினாறே முக்கால். மலிவான பணத்தைக் கூட்டினால் கலவை மலிவாகிறது, அவ்வளவுதான். மதிப்பு பத்தில் ஒரு பங்கு ஏறியது. ஒரு பிரஸ்கூட மாறவில்லை, ஒரு தகடுகூட அதிகம் அடிக்கவில்லை. காகாவை வேண்டாம் என்று சொன்னதற்கே பட்டறையின் விலை கூடிவிட்டது. வட்டியைக் கழித்த பிறகுதான் வரி என்பதால் அதிலும் கொஞ்சம் மிச்சம். அதை அழகாக டைப் அடித்து அப்பாவிடம் காட்டினேன். பேங்க் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, யார் தயாரித்தது என்று கேட்டாராம். அப்பா பெருமையோடு, "என் வீட்டுக்காரி" என்றாராம். அந்தப் பெருமையை நான் பல நாள் வைத்துக் கொண்டாடினேன்.

காகாவிடம் சொல்லப் போனபோது நானும் போயிருந்தேன். அவர் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுக்கப் பார்த்தார். அவருக்கு வருத்தம்தான், ஆனால் கிண்டல் செய்யாமல் இருக்க முடியாத மனிதர். "வஹினி, ஹிஷோப் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். பண் பீத்தி குடே லிஹிலி?" என்றார். அண்ணி, கணக்கு முதல் தரம், ஆனால் பயத்தை எங்கே எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பணம் போட முடியாத கடுப்பில் பேசுகிறார் என்று நினைத்தேன். ரயில்வே கேட் வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

புது பிரஸ்கள் வந்த வருடம் ஆயுத பூஜைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனோம், நினைவிருக்கிறதா? கடன் கொடுத்த பேங்க், ஒவ்வொரு இயந்திரத்தின் நெற்றியிலும் இது எங்களிடம் அடகு வைக்கப்பட்டது என்று பெயரோடு எழுதி வைக்கச் சொல்லும். பெயிண்டர் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தார். நான் சந்தனம் குழைத்துப் பொட்டு வைக்கும்போது, வேறு இடம் இல்லாமல் பேங்க் பெயரின் மேலேயே வைத்தேன். "பேங்க் மேனேஜருக்கும் சேத்திப் பொட்டு வெச்சுட்டயே அம்முணி, இனி அவரும் நம்ம வீட்டாளு" என்றார் அப்பா. வேலையாட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீ மாலையை இழுத்துக்கொண்டு ஓடினாய். எனக்கும் சிரிப்புதான். கையெழுத்துப் போடும்போது வராத பயம், அந்தச் சிவப்பு எழுத்தைத் தொட்ட விரலில் ஒரு நொடி வந்தது. அதைச் சேலையில் துடைத்துவிட்டேன்.

அடுத்த வருடம் ஸ்கூட்டர் விற்பனை படுத்தது. கம்பெனி ஆர்டரைப் பாதியாக்கியது. அது மட்டுமே என்றால் சமாளித்திருக்கலாம். பாதி ஆர்டரில் பாதி பட்டறை ஓடும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். வட்டி பாதியாகவில்லை. எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருப்பதுதான் நமக்கு என்பது அப்போதுதான் உறைத்தது. இரும்புத் தகடு விற்கும் தகட்டுக்காரர், கரண்ட், ஆட்கள், பேங்க், இந்த வரிசையின் கடைசியில் நாம் நின்றோம். வரிசை நீளமாக இருந்தது. நம்மிடம் கடன் அதிகம் என்று தெரிந்ததும் ஊர் நடந்துகொள்ளும் விதமும் மாறியது. தகட்டுக்காரர் இரண்டு மாதத் தவணையை நிறுத்திவிட்டு ரொக்கம் கேட்டார். கம்பெனியில் வாங்கும் அதிகாரி, வேறு வழி இல்லாதவர் என்று தெரிந்து விலையை இன்னும் அமுக்கினார். நல்ல ஆபரேட்டர் ஒருவர், சம்பளம் தாமதமாகுமோ என்று முன்பே போய்விட்டார். தாமதமாவதற்கு முன்பே! இவற்றில் எதுவும் என் தாளில் இல்லை.

அந்த நாட்களில் வீட்டு மணி அடித்தால் நான் உன்னைத்தான் அனுப்புவேன். "அம்மா குளிக்கிறாங்க, அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று மராத்தியில் சொல்லச் சொல்வேன். நீ அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக் குரலை மாற்றி மாற்றிச் சொல்வாய். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காய்ந்த தரையில் நின்று, குழாயை மட்டும் திறந்து விட்டிருப்பேன். இப்போதும் மதியம் யாராவது மணி அடித்தால் என் கால் முதலில் குளியலறைப் பக்கம்தான் திரும்புகிறது. நீ வந்து அடித்தாலும்தான். நீ பலமுறை கேட்டிருக்கிறாய், ஏன் கதவு திறக்க இவ்வளவு நேரம் என்று.

பிறகு நடந்தது உனக்கு வேறு மாதிரி சொல்லப்பட்டது. ஆகுர்டி வீட்டை விற்றோம், தேஹு ரோட்டில் ஒற்றை அறைக்குப் போனோம். அப்பாவின் வேலைக்கு அது பக்கம் என்று சொல்லி, உன்னை ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கு அனுப்பினோம். பிரஸ்கள் அவசரத்தில் போன விலைக்குப் போயின. வாங்கியவர் அடுத்த ஷெட்காரர். கையில் இருந்த பணத்தைப் போட்டு வாங்கினார், சிவப்பு எழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், இருந்த இடத்திலேயே ஓட்டினார். மந்தமான மாதங்களில் பிரஸ்ஸைச் சும்மா நிறுத்தி வைத்தார். யாரும் அவர் வீட்டு மணியை அடிக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் ஆர்டர் திரும்பி வந்தது. அதே பிரஸ், அதே அச்சு, அதே கம்பெனி. இன்றும் ஓடுகிறது. நம் பட்டறை கெட்ட பட்டறை இல்லை கண்ணு. காகா கூட இருந்திருந்தால் அந்த ஒன்றரை வருடத்தை நாமும் தாண்டியிருப்போமோ என்னவோ. நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீ ஒன்பதாவது படித்தபோது ஒருநாள், நாம் ஏன் ஏழையாகிவிட்டோம் என்று நேராகக் கேட்டாய். அப்பா உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நாந்தாங் கண்ணு பேராசப்பட்டுட்டேன். எல்லாம் எனக்கே வேணும்னு நெனச்சேன். உங்கம்மாளுக்கு இதுல ஒண்ணும் இல்ல" என்றார். நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நறுக்கியதையே மறுபடியும் பொடிப்பொடியாக நறுக்கினேன். இந்தக் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ள வேண்டிய மிகப் பெரிய விஷயம் அந்தக் கணக்கு இல்லை. அந்தப் பீன்ஸ்தான்.

கணக்கில் எங்கே தவறினேன் என்பது அதற்கும் இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான் அப்பா பல்வந்த் சௌக் என்ற கடைத்தெருவில் பழைய புத்தகக் கடைக்கு உனக்குக் கைடு தேடப் போனபோது, அட்டை இல்லாத ஒரு நிதிப் பாடப் புத்தகம் கிடைத்தது. வாங்கினேன். ஒரு மதியம் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். கடன் கூடும்போது சொந்தப் பணத்தின் ஆபத்தும் கூடுகிறது, ஆகவே சொந்தப் பணத்துக்கு எதிர்பார்க்க வேண்டிய லாபமும் கூட வேண்டும் என்று போட்டிருந்தது. நான் பேங்க் பங்கைப் பாதியிலிருந்து முக்காலாக்கினேன், ஆனால் நம் இருபத்திரண்டை இருபத்திரண்டாகவே விட்டிருந்தேன். அது இருபத்தொன்பது ஆகியிருக்க வேண்டும். போட்டுப் பார். கலவை மறுபடி அதே பதினெட்டரைக்கு வந்து நிற்கும். அந்தப் பத்தில் ஒரு பங்கு மதிப்பு இருந்ததே இல்லை. வரியில் மிச்சமாகும் கொஞ்சம் மட்டும் உண்மை, அதைவிடப் பல மடங்கைத் தகட்டுக்காரரும் வாங்கும் அதிகாரியும் எடுத்துக்கொண்டார்கள். இருபத்திரண்டுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவில் இருக்கும் ஏழு சதவீதம்தான் காகா தேடிய பயம். அதை எழுதாமல் விட்டால் அது இல்லாமல் போய்விடாது என்று எனக்குத் தெரியவில்லை. தாளில் இடம் கிடைக்காத பயம் நம் குளியலறையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

உன் லேப்டாப்பில் சொந்தப் பணத்துக்கான கட்டத்தில் இருபது என்று இருக்கிறது. கடன் நாற்பதாக இருந்தபோதும் இருபது, எண்பதாக ஏற்றியபோதும் இருபது. அசையவே இல்லை. உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான் இல்லை, ஆனாலும் என் தவறு எப்படியோ உன் விரலுக்கு வந்திருக்கிறது. அன்று அடுப்படியில் நின்று நான் பயந்தது அதற்குத்தான்.

கடனே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. இந்த நிக்டி வீடு கடனில் வந்ததுதான். ஆனால் என் சம்பளம் மாதாமாதம் வந்தது, மாதாமாதம் கட்டினேன், போன மார்ச்சில் பத்திரம் கைக்கு வந்தது. அட்டைப்பெட்டி மாதாமாதம் ஒரே மாதிரி வராது. இப்போது எங்கே பார்த்தாலும் கடன் தருகிறேன் என்று போன் வருகிறது. எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள். அன்றும் அப்படித்தான் இருந்தார்கள். உன்னைத் தடுத்தாலும் பயம், விட்டாலும் பயம். நீ நன்றாகவே வந்துவிடலாம். அப்போது, அம்மாவின் பயத்தால் பாதியை விட்டுக்கொடுத்தேன் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டலாம். சொல்லிக் காட்டு. அதைத் தாங்கிக்கொள்வேன். நீ உன் பிள்ளையைக் கதவு திறக்க அனுப்பிவிட்டுக் குழாயைத் திறந்து வைத்திருப்பதை என்னால் தாங்க முடியாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் கையெழுத்துப் போடமாட்டேன். இதை எழுதும்போதே எனக்கு வியர்க்கிறது. அதற்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். மேத்தா அங்கிளைப் பாதிப் பங்கோடு இருக்கச் சொல். என் பெயரில் வைப்பாக நான்கு லட்சம் இருக்கிறது. அதை உனக்குக் கடனாக இல்லாமல் பங்காகத் தருகிறேன். வட்டி இல்லை, தேதி இல்லை, வந்தால் எனக்கும் கொஞ்சம், போனால் என்னோடு போகட்டும். யாரும் வந்து மணி அடிக்க மாட்டார்கள். அதற்கு முன் உன் கட்டத்தில் இருக்கும் இருபதைக் கடனோடு சேர்ந்து ஏறும்படி மாற்றிவிட்டு, மதிப்பு எங்கே நிற்கிறது என்று நீயே பார். நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம். இந்த விஷயத்தில் என்னை நம்பி ஒருவர் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறார்.

அவரைப் பற்றித்தான் கடைசியாக. உன் அப்பாவுக்கு இன்று காலை ஷிஃப்ட். வேறொருவருடைய பட்டறையில் வேறொருவருடைய பிரஸ்களுக்குச் சூப்பர்வைசராக, பத்து வருடமாக, பேராசைக்காரன் என்ற பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டு போய் வருகிறார். இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு, உன் வாகோலி முகவரியை எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, அவருடைய சாப்பாட்டுப் பையில் வைக்கப் போகிறேன். "மத்தியானம் சாப்டறப்ப இதப் படிச்சுப்போட்டு, கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற தபால் பெட்டில போடுங்க" என்று சொல்லப் போகிறேன். அவர் நான்கரை மணிக்குத்தான் திரும்புவார். அதுவரை நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. மணி அடித்தால் இன்று நானே போய்த் திறக்க வேண்டும் என்று மட்டும் நினைத்திருக்கிறேன்.

கவரை நான் ஒட்டவில்லை கண்ணு. உன் கைக்கு அது ஒட்டி வந்திருந்தால், ஒட்டியது அப்பா.

அம்மா